அப்பன் தாடை

டாக்டர் அனிஷா முதலில் பார்த்தது லோஷினியின் வாயை. அடுத்ததாகப் பார்த்தது, நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றிருந்த அவள் அப்பா ஜெகதீசனின் முகத்தை. ஒரு நொடிதான் இருக்கும். உடனே குனிந்து, தலைக்கு மேலே இருந்த விளக்கைச் சரிசெய்வதுபோல் இழுத்துக்கொண்டார். ஆனால் லோஷினியின் அம்மா குணசுந்தரி அந்த இரண்டாவது பார்வையைப் பிடித்துவிட்டாள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் பதினோரு வருடமாக மீன் வெட்டி விற்கிறவள் அவள். வாங்க வருகிறவர்கள் எந்த மீனைக் கண்ணால் பார்த்துவிட்டு எந்த மீனுக்கு வாயால் விலை கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தே பழகிய கண் அது.

கல்மண்டபத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்தப் பல் மருத்துவமனை. லோஷினியின் பள்ளிக்கூடத்துக்குப் பல் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவள் டைரியில் ஒரு சீட்டை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் பைக்கில் வந்திருந்தார்கள். லோஷினிக்கு எட்டு வயது. நாற்காலியில் படுத்துக்கொண்டு, கூரையில் ஒட்டியிருந்த மீன் படங்களைப் பார்த்து, அது பாறை மீன் இல்லை, தப்பாக வரைந்திருக்கிறார்கள் என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, பின்பல்லு ரெண்டும் ஒட்டுற மாதிரி கடி," என்றார் டாக்டர்.

கடித்தாள். கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து, டப்பா மூடிபோல மூடிக்கொண்டன. குணசுந்தரி தினமும் பார்க்கிற வாய்தான். ஆனால் அதையே டாக்டர் படமெடுத்துச் சுவரில் இருந்த திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது, யாருடைய வாயோபோல இருந்தது. கீழ்ப்பற்களில் நடுவில் ஒன்று மட்டும் மற்றதைவிட நீளமாகத் தெரிந்தது.

"இந்தப் பல்லு வளரலம்மா. ஈறு கீழ இறங்கியிருக்கு. மேல்பல்லு பின்னாலேருந்து ஒவ்வொரு தடவையும் இதை முன்னால இடிச்சுத் தள்ளுது. இப்படியே விட்டா ஈறு இன்னும் இறங்கும். ஒரு வயசுக்கு மேல பல்லு ஆட ஆரம்பிச்சிடும்."

மேல்தாடை வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கிவிட்டது என்றார். அண்ணத்தில் ஒரு கம்பிக் கருவியை ஒட்டி, தினம் ஒரு சாவியால் கால் சுற்றுத் திருகி, மேல்தாடையை அகலப்படுத்த வேண்டும். பிறகு முகத்தில் ஒரு சட்டம் மாட்டி, ரப்பர் போட்டு அதை முன்னால் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம். எட்டு மாதம், பத்து மாதம்கூட ஆகலாம்.

"இப்ப எட்டு வயசு. எலும்பு சொன்ன பேச்சு கேக்கும். பத்துக்கு மேல கேக்கவெக்கிறது கஷ்டம். பதினெட்டுக்கு மேலன்னா ஆபரேஷன்தான். ஒண்ணு சொல்லிடறேன், பெரிய பொண்ணா வளரும்போது கீழ்த்தாடை மறுபடி முந்தலாம். முந்தாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். ஆனா இப்ப செய்யலாம்ங்கிறது இப்ப மட்டும்தான்." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பெரும்பாலும் குடும்பத்துல வர்றதுதான்," என்றார். இந்த முறை ஜெகதீசனைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் கீழ வண்டியாண்ட நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஜெகதீசன் இறங்கிப் போய்விட்டான்.

காசிமேட்டில் மூன்று ஜெகதீசன்கள் இருந்தார்கள். விசைப்படகு ஓட்டுகிற இவனுக்குத் 'தாடை ஜெகா' என்று பெயர். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை. ஐஸ் கம்பெனியில் சீட்டுப் போடும்போதுகூட அப்படித்தான் எழுதுவார்கள். அவன் அப்பாவுக்கும் அதே தாடை. கல்யாணத்தன்று போட்டோகிராபர், "மாப்ள, மூஞ்சிய கொஞ்சம் தாழ்த்துங்க, முன்னால வருது," என்றபோது, "வரட்டும்," என்று சொன்னவன் அவன். அந்தப் படம் இன்னும் திருவொற்றியூர்க் குடியிருப்பின் இரண்டாவது மாடி வீட்டில், டிவிக்கு மேலே, தாடை முன்னால் வந்தபடியேதான் தொங்குகிறது.

குணசுந்தரி அவனை முதலில் பார்த்ததும் அந்தத் தாடையோடுதான். பத்தொன்பது வயதில் அவள் சித்தியோடு ஏலத்துக்குப் போயிருந்தாள். கூடையில் குறைத்துப் போட்ட ஏலக்காரனிடம் ஒருவன் முகத்தை முன்னால் நீட்டி, குரலை உயர்த்தாமல் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். ஏலக்காரன் கடைசியில் இரண்டு கை மீனை அள்ளிப் போட்டான். அந்த முகம் அவளுக்குள் அப்படியே நின்றுவிட்டது. நான்கு அண்ணன்கள் குறுக்கே நின்றார்கள். நான்கு பேரையும் தாண்டி வந்தாள்.

இப்போது அவளுக்கு இருந்த சங்கடம் இதுதான். எந்த முகத்துக்காக வந்தாளோ அதே முகத்தைப் பெண்ணிடம் திருத்த வேண்டும் என்று எப்படிச் சொல்வது? செலவைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மாதாமாதம் கட்டுகிற சீட்டை எடுத்தால் போதும். பெண்ணைப் பற்றியும் பயமில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நெத்திலி வறுத்திருந்தாள். அப்பாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே மாதிரி மீனை வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கப் பல்லில் வைத்து இழுத்தார்கள். பல வருடமாக அவள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்பன் மாதிரியே தின்கிறாள் என்று மார்க்கெட்டில் சொல்லிக்கூட இருக்கிறாள். இன்றைக்குத்தான் அது ஏன் என்று தெரிந்தது. முன்பல்லால் இருவருக்கும் எதையும் கடித்து எடுக்க வராது. வராது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

லோஷினி கைகழுவப் போனதும் ஆரம்பித்தாள். "பாப்பாவுக்கு அந்த வைத்தியம் பண்ணிடலாம்யா."

"வோணாம்."

"ஏன்?"

"எங்க நைனாவுக்கும் இதே தாடதான். எனக்கும் இதேதான். நாங்க இன்னா பட்டினியா கெடந்தோம்?"

"ஒன் மூஞ்சில கொறன்னு நான் சொன்னனா?"

"நீ சொல்லல. அந்தம்மா பாத்துச்சு."

"பாத்துச்சு. அது பாத்தத நானும் பாத்தேன்." சோற்றுக் குண்டானை நகர்த்திவைத்தாள். "ஒன் மூஞ்சிய பாத்துதான்யா நாலு அண்ணனுங்களயும் வுட்டுட்டு வந்தேன். இன்னிக்குன்னாலும் வருவேன். இது மூஞ்சி மேட்டரு இல்ல. அவளுக்கு கடிக்க வரல, ஈறு எறங்குது. பல்லு மேட்டரு."

ஜெகதீசன் கீழுதட்டுக்குப் பின்னால் நாக்கைக் கொடுத்து எதையோ மெல்லத் தள்ளுவதுபோல் வைத்துக்கொண்டு, தட்டையே பார்த்திருந்தான். கோபத்தை அடக்குகிறான் என்று அவள் நினைத்தாள். பாதிச் சோற்றில் எழுந்துபோனான். சொல்லவேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டதாக அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இருந்தும் சரியாகச் சொன்னது தப்பாகப் போய்ச் சேர்ந்துவிட்டதோ என்றும் இருந்தது.

திங்கட்கிழமை விடியலில் படகு கிளம்பியது. பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கல். காலை ஏழு மணிக்குக் குணசுந்தரி மார்க்கெட்டில் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போன் போட்டாள். கரையை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டால் பிறகு சிக்னல் கிடைக்காது.

"நாளைக்கு பாப்பாவ டாக்டராண்ட கூட்டினு போறேன். அளவெடுக்கணுமாம். ஒன்னாண்ட கேக்கல, சொல்றேன்."

எஞ்சின் சத்தம்தான் கேட்டது. பிறகு, "ஹலோ... இன்னா? கேக்கல... ஹலோ," என்றான். இணைப்பு போய்விட்டது.

பக்கத்துக் கடை பவானி இறாலை உரித்துக்கொண்டே கேட்டாள்: "சிக்னலு போச்சா, ஆளே போயிட்டாரா?"

"ரெண்டும்தான்," என்றாள் குணசுந்தரி. சிரிப்பு வந்தது. சொல்லாமல் செய்யவில்லை, சொல்லிவிட்டாள். அது போதும்.

செவ்வாய்க்கிழமை அளவெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கருவியை அண்ணத்தில் ஒட்டினார்கள். நடுவில் கடுகளவு துளை. அதில் குண்டூசி போன்ற சாவியை நுழைத்து, முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ளினால் கால் சுற்று. டாக்டர் ஒருமுறை செய்து காட்டி, அவளை ஒருமுறை செய்யச் சொன்னார். அங்கே சரியாக வந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள் சாயங்காலம் தனியாகச் செய்ய உட்கார்ந்தபோது சாவி துளையைத் தாண்டித் தாண்டிப் போனது. ஒரு முழு வஞ்சிரத்தைப் பேசிக்கொண்டே, ஒரே கனத்தில் இருபது துண்டாகப் போடுகிற கை. ஒருநாளும் தன் விரலை வெட்டிக்கொண்டதில்லை. பெண்ணின் வாய்க்குள் அந்தச் சின்னக் கம்பியைக் கொண்டுபோனதும் விரல் தன்னுடையதாக இல்லை.

"ம்மா, லைட்ட இந்தாண்ட காட்டு," என்றாள் லோஷினி, வாயைத் திறந்தபடியே. "பயப்படாத. உள்ள போச்சுன்னா தெரியும். நான் கைய தூக்குறேன்."

கையைத் தூக்கினாள். குணசுந்தரி தள்ளினாள். மூக்குக்குக் கீழே ஏதோ இறுகுகிற மாதிரி இருக்கிறது என்று லோஷினி சொன்னாள். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அழவில்லை. சாவியை வாங்கித் துடைத்து டப்பாவில் வைத்து, காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டாள்.

முதல் மூன்று நாள் கஞ்சிதான். எச்சில் ஒழுகியது. பேச்சு குழறியது. 'சாப்பாடு' என்றால் 'ஷாப்பாடு' என்று வந்தது. வகுப்பில் யாரோ சிரித்தார்களாம். அவள் டீச்சரிடம் போகவில்லை. வாயைத் திறந்து உள்ளே இருந்த இரும்பைக் காட்டினாளாம். அதன் பிறகு ஒரு வாரம் ஒவ்வொரு பீரியடும் அதைப் பார்க்க வரிசை நின்றார்களாம். நான்காம் நாளில் குணசுந்தரியின் கை பழகிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் சாவியைப் போட்டு எடுத்துவிடுவாள்.

வியாழக்கிழமை பள்ளிவிட்டு நேரே மார்க்கெட்டுக்கு வந்த லோஷினி சிரித்தபோதுதான் பவானி பார்த்தாள். "அடிப்பாவி, நடுவுல பொளந்துகினு கீதே!" மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே ஒரு சந்து. காலையில் இவ்வளவு இருந்ததா? இருந்திருக்கும், அவசரத்தில் கவனிக்கவில்லை. ஒரு தீக்குச்சி தாராளமாகப் போகும். குணசுந்தரி கத்தியைக் கீழே வைத்தாள். மீன் வாங்க நின்றவர்களில் ஒருத்தி, "நல்லா இருந்த பல்லக் கெடுத்து வெச்சிட்டியேம்மா," என்றாள். குணசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டு, மீன் வாசனையோடு போனை எடுத்து, பெண்ணைச் சிரிக்கவைத்துப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் டாக்டரின் குரல்பதிவு வந்தது. "சூப்பர்ம்மா! அதுதான் வேணும். பல்லு பிளக்கல, அண்ணத்து எலும்பு நடுவுல விலகியிருக்கு. அந்த இடத்துல புது எலும்பு வரும். சந்து தானா மூடிக்கும். திருகுறத நிறுத்தாதீங்க."

குணசுந்தரி அதைச் சத்தத்தைக் கூட்டிவைத்து இன்னொருமுறை போட்டாள். அந்தப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று. கேட்டவள் கால் கிலோ சங்கரா சேர்த்து வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனால் சனிக்கிழமை படகு வரும். பல் இடைவெளியை மூடவைக்க இரண்டு நாளில் முடியாது. மகள் முகத்தில் முதலில் அவன் கண்ணில் படப்போவது அதுதான். வெள்ளிக்கிழமை முழுதும் மீன் வெட்டிக்கொண்டே அவனிடம் சொல்லவேண்டியதைச் சேர்த்தாள். கோபப்பட்டால் இது. கத்தினால் இது. கத்தாமல் வெளியே போய்விட்டால், பின்னாலேயே படியிறங்கிப் போய் இது. டாக்டரின் குரலைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜெகதீசன் வந்தான். கையில் வீட்டுக்கான மீன் பை. வெயிலில் கறுத்திருந்தான். லோஷினி ஓடிவந்து, பாதி வழியில் நின்று, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு தானே முடிவு செய்தவள்போல் வாயை அகலத் திறந்து காட்டினாள்.

குணசுந்தரி அடுப்படி வாசலில் நின்றாள். முதல் வாக்கியம் நுனிநாக்கில் தயாராக இருந்தது.

ஜெகதீசன் பையைக் கீழே வைத்தான். குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "இன்னாடி, இவ்ளோ பெரிய சந்து?" என்று கேட்டான்.

கேட்கும்போது அவன் வாயும் திறந்தது. கீழ்வரிசையில், நடுவில், ஒரு பல் இல்லை.

"நைனா! ஒனக்கு எங்க?" என்றாள் லோஷினி.

"வுழுந்துடுச்சு."

"எனக்கு மேல சந்து. ஒனக்கு கீழ."

அவன் சிரித்தான். அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தது. குணசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கனா வுழுந்தியா? கயிறு அடிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்து அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஒண்ணும் அடிக்கல. மூணாம் நாளு சோறு துன்னும்போது வந்துடுச்சு. கைல எடுத்துப் பாத்தேன். ரத்தம்கூட இல்ல." தரையில் உட்கார்ந்தான். "நாலு மாசமா ஆடிகினு இருந்துச்சு, குணா. ஒன்னாண்ட சொல்லல. முப்பத்தெட்டு வயசுல பல்லு ஆடுதுன்னு எப்டி சொல்றது? அன்னிக்கு அந்தம்மா பாப்பா வாய டிவியில பெருசா காட்டுச்சே, அதுல ஒரு பல்லு நீட்டா தெரிஞ்சிதே. அதே பல்லுதான் இது. அதே எடம். எனக்கு அங்க நிக்க முடியல. கீழ எறங்கிட்டேன்."

லோஷினி அவன் பக்கத்தில் மண்டிபோட்டு, காலியாக இருந்த ஈற்றை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைத் தடுக்கவில்லை.

"அப்ப வோணாம்னு ஏன்யா சொன்ன?"

"தெரியல. எங்க நைனாவ கொற சொல்ற மாதிரி இருந்துச்சு." பிறகு, "போன்ல நீ சொன்னது கேட்டுச்சு," என்றான்.

"கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு. இவளுக்கு ஆட வோணாம். நீ பண்ணது சரி."

ஒருநாள் முழுக்கச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே மிஞ்சின. அவள் பன்னிரண்டு நாளாக, அவனிடம் இல்லாத ஒரு கோபத்தோடு சண்டை போட்டிருக்கிறாள். அவன் முகத்தை அங்குலம் அங்குலமாகத் தெரியும் என்று நினைத்திருந்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது அவன் நாக்கு எதைத் தள்ளிக்கொண்டிருந்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. மீன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே பெரிய கொடுவாவாக ஒன்று இருந்தது. அதன் செதிலைச் சீவும்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முழங்கையால், கை ஈரமாக இருந்ததால்.

அன்றைக்குச் சாயங்காலம் சாவி போட அவனும் உட்கார்ந்தான். விரல் பெரிது. கயிறு இழுத்துக் காய்த்த விரல் பெண்ணின் வாய்க்குள் போனதும் வெளிச்சம் மறைந்துவிட்டது. இரண்டு முறை முயன்றுவிட்டு அவளிடமே சாவியைக் கொடுத்தான். போனின் விளக்கைப் பிடித்துக்கொள்கிறேன் என்றான். விளக்கை ஆடாமல் பிடித்தான்.

அடுத்த புதன்கிழமை முகச்சட்டம் மாட்டும் நாள். படகு அடுத்த தங்கலுக்குக் கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவன் கூப்பிடாமலே வந்தான். நெற்றியில் ஒரு பட்டை, முகவாயில் ஒரு கிண்ணம், இரண்டையும் சேர்க்கிற நீலக் கம்பி, அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பி. வாய்க்குள்ளிருந்து இரண்டு ரப்பர் வளையங்கள் வந்து அந்தக் குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டன. டாக்டர் ஜெகதீசனைப் பார்த்து, "சார், உங்க ஈறையும் ஒரு நாள் காட்டுங்க. மிச்சப் பல்லையாவது காப்பாத்திடலாம்," என்றார். "ஆவட்டும்மா," என்றான் அவன். இந்த முறை அறையிலேயே நின்றான்.

"ஸ்கூல்ல வேண்டாம்," என்றார் டாக்டர் லோஷினியிடம். "மத்த நேரமெல்லாம் போடணும்."

"டியூஷன்ல?"

"போடணும்."

"மார்க்கெட்டுல?"

"போடணும். தூங்கும்போதும்."

லோஷினி விரல்விட்டு எண்ணி, "சரி," என்றாள்.

கீழே வந்ததும் ஜெகதீசன் வண்டியை எடுக்காமல் நின்றான். ரோட்டைப் பார்த்தான். "இங்க கழட்டிக்கோ பாப்பா. வூட்டுக்குப் போய் மாட்டிக்கலாம்."

"ஏன் நைனா?"

அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான். குணசுந்தரி உதவிக்குப் போகவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது, ஆட்டோவில் போய்விடலாமா என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. லோஷினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் டாங்கின் மேல் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு மணி நேரத்தில் இதுவும் சேர்த்தி என்றாள்.

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. வழக்கம்போல் பைக்குகள் மட்டும் சந்தில் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் அதுவும் அடைத்துக்கொண்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் லாரிச் சக்கரம். மேலே ஜன்னலில் கையை ஊன்றிப் படுத்திருந்த டிரைவர் கீழே பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னும் நன்றாகப் பார்த்தார். குணசுந்தரி பின்னாலிருந்து ஜெகதீசனின் தோள் இறுகுவதைக் கண்டாள்.

"இன்னா பாப்பா அது, மூஞ்சில?"

லோஷினி தலையை அண்ணாந்தாள். "மேல்தாட முன்னால வர்றதுக்கு."

"அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல. சின்ன வயசுலயே பண்ணிட்டா ஆபரேஷன் வோணாம்."

டிரைவர் யோசித்தார். "வலிக்குதா?"

"வலிக்கல," என்றாள். சரியான வார்த்தையைத் தேடுவதுபோல் ஒரு கணம் நிறுத்தினாள். "இழுக்குது."

டிரைவர் தலையாட்டினார். ஜெகதீசனும் தலையாட்டினான், யாருக்கென்று தெரியவில்லை.

லாரியின் பக்கவாட்டில் நீளமான கண்ணாடி ஒன்று கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. அதில் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தார்கள். முன்னால் நீலக் கம்பியோடு லோஷினி, அவள் தலைக்கு மேலே அவன் முகம், அவன் தோளுக்கு மேலே குணசுந்தரியின் முகம். லாரியின் எஞ்சின் அதிர்வில் மூன்று முகமும் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. லோஷினி கண்ணாடியைப் பார்த்து, இடப்பக்கம், வலப்பக்கம் எனத் திரும்பினாள். ஒரு ரப்பர் வளையம் நழுவியிருந்தது. ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், அதை நிதானமாக இழுத்துக் கம்பியில் மாட்டினாள். முன்னால் எங்கோ ஒரு லாரி நகர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன்கள் அவர்களை நோக்கி வந்தன.